பாலம் காத்த படைத்தலைவனுக்கு

அருங்காட்சியகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'லென்ஸ்' என்றால் போதும், வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். வந்து சேரும் பழைய ஆயுதங்களில் எது அசல், எது போலி என்று சொல்வது அவள் வேலை. வேலை என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது ஒரு வியாதி. பாத்திரக் கடைக்குப் போனால் குடத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் சுவரில் தொங்கிய கைத்துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மேஜைக்கு அடியில் காலை மிதித்த பிறகுதான் பார்வை மனிதர்கள் பக்கம் திரும்பியது.

அந்தத் துப்பாக்கி இப்போது ஓர் அட்டைப்பெட்டியில் படுத்துக்கொண்டு அவள் மேஜைக்கே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சம்பந்தி, மகளின் மாமனார்.

சம்பந்தி தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊரில் யாரும் அவரை அப்படி அறிமுகப்படுத்துவதில்லை. 'தளபதி வீட்டுக்காரர்' என்பார்கள், சுருக்கமாகத் 'தளபதி'. அவருடைய கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தாவான ஒருவர், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கோட்டைக்காரர்கள் கலகம் செய்து பாலத்தைத் தாண்ட வந்தபோது, நடுப்பாலத்தில் நின்று தடுத்தாராம். அதை மெச்சி அரசாங்கம் கொடுத்த பரிசுதான் இந்தத் துப்பாக்கி. குழலின் மேல் கொடியும் பூவுமாக வளைத்து, 'பாலம் காத்த படைத்தலைவனுக்கு' என்று பொறித்திருக்கிறது. முன்னோர் ஒற்றை ஆளாக நின்றாரா, கூட ஒரு பட்டாளமே நின்றதா என்பது கதை சொல்கிற அன்றைக்குச் சம்பந்திக்கு இருக்கும் உற்சாகத்தைப் பொறுத்தது. கதை முடிகிற இடம் மட்டும் மாறாது. "எங்க பரம்பரைக்குப் பின்வாங்கிப் பழக்கமில்லை" என்று முடியும்.

அந்த ஒரு வாக்கியம்தான் வினையாகிப்போனது. சம்பந்தியின் ஒரே மகன், அதாவது அவளுடைய மாப்பிள்ளை, அப்பா இருந்த அதே துறையில் சேர்ந்து, இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். இப்போது ஒரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. இப்பவும் நெருப்போடதான் இருக்கேன், ஆனா இது அணைக்க வேண்டாத நெருப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சம்பந்தி சிரிக்கவில்லை. அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இருப்பது ஒரே வீடு, சாப்பிடுவது ஒரே மேஜை. கண்ணில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து மகனின் ஸ்கூட்டரில்தான் எங்கும் போகிறார். பின்னால் ஏறி உட்காருவார், தோளைப் பிடித்துக்கொள்வார், பேச மட்டும் மாட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் மருமகளிடம் சொல்வார், மருமகள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்.

"புதுசா பாலத்துக்குன்னு ஒரு ஹால் திறக்கப்போறாங்களாமே, சம்பந்தியம்மா" என்றார் அவர், பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி. "இது இருக்க வேண்டிய இடம் அதுதான்."

"யோசிச்சுதான் குடுக்கறீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? எனக்கப்புறம் இதைத் துடைச்சு வைக்க வீட்டுல ஆள் இல்லை."

ஆள் இல்லை என்று அவர் சொன்ன அந்த ஆள் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருப்பது இருவருக்கும் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு. குழலோட இடது பக்கம், கட்டை சேர்ற இடத்துல ஒரு கிறுக்கல் இருக்கு பாருங்க, அசிங்கமா. போன வாரம் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனேன். உங்க பொண்ணு, 'அம்மா கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க மாமா'ன்னு கையைப் பிடிச்சுட்டா. நீங்களே பக்குவமா எடுத்துடுங்க."

"எதையும் எடுக்க வேண்டாம்" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. "கிறுக்கல் கிறுக்கலாவே இருக்கட்டும்."

அவர் போன பிறகு இயக்குநர் எட்டிப் பார்த்தார். வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற முதல் பேழையை இதற்குத்தான் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். "ஒரு சம்பிரதாயத்துக்கு அசல்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க லென்ஸ்" என்றார். சம்பிரதாயத்துக்கு எழுதுவது அவளுக்கு வராது என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் அறைக்கு வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். மேஜையில் பச்சைக் கம்பளித் துணி, பஞ்சு, மெழுகு உருண்டை, சின்ன டார்ச். டார்ச்சை மேலே பிடித்தால் எல்லாம் சமமாகத் தெரியும். கீழே சாய்த்துப் பிடித்தால்தான் பள்ளமும் மேடும் நிழல் காட்டும். அவள் சாய்த்துப் பிடித்தாள்.

ஒரு குறியைப் பார்த்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, இது அடித்ததா வெட்டியதா என்பது. எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டால் விழுவது ஒரு வகை. உளியால் கோடு கோடாக வெட்டி எழுதுவது இன்னொரு வகை. அடித்ததன் அடிப்பக்கம் அமுங்கி வழவழப்பாக இருக்கும், வெட்டியதில் உளி நகர்ந்த தடம் இருக்கும். இரண்டிலும் அசல் உண்டு, இரண்டிலும் போலி உண்டு. ஆகவே அது முதல் கேள்விதான்.

பரிசு வாசகம் வெட்டியது. அதில் குற்றமில்லை, அந்த மாதிரி வாசகங்களை வெட்டித்தான் எழுதுவார்கள். கொடி அழகாக ஓடியது, எழுத்துகள் வரிசை பிசகாமல் நின்றன. அழகு கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியபோது டார்ச்சை இன்னும் சாய்த்தாள். குழலின் ஒரு பக்கம் முழுக்கத் துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. அந்தக் குழிகளில் சில மேலே ஏறி வாசகம் வரைக்கும் வந்திருந்தன. எழுத்து முதலில் வந்து துரு பின்னால் வந்திருந்தால், துரு எழுத்தின் ஓரத்தைக் கடித்திருக்கும். இங்கே எழுத்து குழிக்குள் இறங்கி, அதன் சுவரை வெட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறியிருந்தது. கத்தி போல ஓரம்.

துரு முன்னே, எழுத்து பின்னே.

உடனே, அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தேய்ந்துபோன பழைய எழுத்தின் மேலேயே பிற்காலத்தில் யாராவது மறுபடி வெட்டிப் புதுப்பித்திருக்கலாம். செய்கிறவர்கள் உண்டு. அப்படியானால் வாசகம் அசல், வெட்டு மட்டும் புதுசு. அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது டூப்புன்னு மட்டும் சொல்லிடாதே."

"யாருடி டூப்புன்னு சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது. அங்க நிலைமை உனக்குத் தெரியாது. வெளியூர்ல ஒரு ரொட்டிக்கடையில இவரைக் கூப்பிடறாங்க. மாசக் கடைசியில கிளம்பிடலாம்னு சொல்றாரு. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு நிறுத்தி வச்சிருக்கேன். மாமா நல்லவர்மா. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ பக்கத்துலயே உக்காந்திருந்தார். ஆனா அவர் பெத்த பிள்ளைகிட்ட, 'உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா'ன்னு என்கிட்ட சொல்றார். நான் என்ன தபால் பெட்டியா? இதுல நீ வேற அவர் தளபதியே இல்லைன்னு எழுதினா, வீட்டுல எல்லாரும் சேர்ந்து தன்னைக் கவுத்துட்டோம்னு நினைப்பார். அப்புறம் நாங்க அந்த வீட்டுல இருக்க முடியாது."

பொய் எழுதினால் நாளைக்கு எந்த அசலையும் அசல் என்று சொல்லும் வாய் அவளுக்கு இருக்காது. உண்மையை எழுதினால் மகளின் குடும்பம் இரண்டாகும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆனாலும் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மனம் போனது மகளிடம் அல்ல, அந்தக் கிறுக்கலிடம். தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் வேலையாகக் கிறுக்கலைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவு நீள்வட்டம், உள்ளே ஏதோ கோணல்மாணலாக. அடித்ததுதான், அடிப்பக்கம் அமுங்கி வழவழப்பாக இருந்தது. அச்சு இறங்கும்போது உலோகம் ஓரத்தில் பிதுங்கும். இங்கே பிதுங்கல் இல்லை. அப்படியென்றால் அடித்த பிறகுதான் குழலை அரம் போட்டு மெருகு ஏற்றியிருக்கிறார்கள், துப்பாக்கி செய்த அன்றே விழுந்த குறி இது. துருவும் எழுத்துக்கு வெளியே எவ்வளவோ அவ்வளவே உள்ளேயும். சம்பந்தி உப்புத்தாளால் தேய்க்கப் போன கிறுக்கல், தலைமுறை தலைமுறையாக அந்தத் துப்பாக்கியோடு இருந்து வந்தது.

என்ன எழுத்து என்றுதான் புரியவில்லை. மெழுகை விரலில் உருட்டி, அதன் மேல் அழுத்தி எடுத்தாள். மெழுகைத் திருப்பினாள். 'கோ' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அந்தக் கால வழக்கப்படி ஒற்றைக் கொம்பு, க, கால்.

ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள். பிறகுதான் உறைத்தது. மெழுகில் எதுவுமே இடம் வலமாக மாறித்தான் விழ வேண்டும். மெழுகில் எழுத்து நேராக இருக்கிறது என்றால் குழலில் மாறி இருக்கிறது. கால் முன்னால், கொம்பு பின்னால், நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு க. அதனால்தான் இத்தனை காலமும் கிறுக்கல்.

இப்படி ஒரு தப்பை யார் செய்வார்கள் என்று யோசித்தாள். உளி பிடித்துக் குழலில் நேராக எழுதுகிறவன் எழுத்துத் தெரிந்தவனானால் இப்படி எழுத மாட்டான். போலி செய்கிறவன் ஊரை ஏமாற்ற வந்தவன், அவன் எழுத்து நன்றாகவே இருக்கும். அச்சு செய்கிறவன் ஒருவனால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும், அடித்தால் நேராக விழும். திருப்ப மறந்து நேராக வெட்டிவிட்டால், அடிக்கிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் திரும்பி விழும். தொழில் பழகாதவன், அவசரத்தில் இருந்தவன். "பாவம், எழுத்து 'ப'வா இருந்திருந்தா தப்பிச்சிருப்பான்" என்று தனியாகச் சொல்லிச் சிரித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ப, ப தானே.

சிரிப்பு பாதியில் நின்றது. கோ என்றால் கோட்டை.

கீழ்த்தளத்துச் சேமிப்பு அறைக்கு ஓடாத குறையாகப் போனாள். புதுப் பாலத்துக்குத் தூண் போடத் தோண்டியபோது ஆற்றுச் சேற்றில் கிடைத்த நீளத் துப்பாக்கி ஒன்று அங்கே இருந்தது. கோட்டைக்காரர்களுடையது என்று எல்லாரும் சொன்னார்கள். கல்லாக இறுகிய சேற்றையும் துருவையும் அவளே போன வருடம்தான் உடைத்து எடுத்தாள். அதிலும் ஒரு நீள்வட்டம் இருந்தது. பாதி அரித்துப்போனது என்று விட்டிருந்தாள். மெழுகை அழுத்தி எடுத்தாள். அதே கோ. காலின் நுனியில், முதல் மெழுகில் இருந்த அதே மயிரிழை உடைசல். ஒரே அச்சு, ஒரே கை.

ஒன்று ஆற்றுக்கடியில் சேற்றுக்குள் கிடந்தது, இன்னொன்று சம்பந்தி வீட்டில் இருந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் போலியாகச் செய்ய யாராலும் முடியாது. அடித்துச் சொல்லலாம், அந்தக் குறி அசல். துப்பாக்கி கோட்டைக்குள் செய்தது.

அப்படியானால் அது பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் எப்படி வந்தது? தோற்ற கோட்டைக்காரர்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளை எல்லாம் உருக்கிவிட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் ஆற்றில் விழுந்த ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. இது மிஞ்சியிருக்கிறதென்றால் யாரும் இதை ஒப்படைக்கவில்லை. ஜெயித்தவர்களில் ஒருவன் வெற்றிச் சின்னமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வெற்றிச் சின்னத்தைச் சுவரில் மாட்டுவான். இது ஒரே பக்கமாகச் சாய்ந்து ஈர மண்ணில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும்தான் அம்மைத் தழும்பு. ஒளித்து வைத்த பொருள்தான் அப்படிக் கிடக்கும்.

அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை மறந்தாள்.

வாசகம் மட்டும் இன்னும் தீரவில்லை. புதுப்பித்ததா, புதிதாகவே வெட்டியதா? பூதக்கண்ணாடியில் அந்த வரியை மனப்பாடம் ஆகும் வரை படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு நாளில் சம்பந்தி மறுபடி வந்தார். கண்காட்சிக்கு எடுத்துப் போக அட்டைப்பெட்டி கௌரவமாக இல்லை என்று, தானே மரப்பெட்டி ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். மூடியில் எழுத அவளிடம் மார்க்கர் பேனா கேட்டு வாங்கினார். நிதானமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, 'விலைமதிப்பற்றது. கவனம்' என்று எழுதினார்.

அவள் கை டீ டம்ளரோடு அப்படியே நின்றது.

அவர் எழுதிய 'லை' பழைய லை. ல-வோடு ஒட்டிக்கொண்டு, யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி மேலே வளைந்த லை. துப்பாக்கியில் இருந்ததோ இப்போது எல்லாரும் எழுதுகிற லை, முன்னால் இரண்டு சுழி தனியாக நிற்பது. தினமும் தானே எழுதுகிற எழுத்து என்பதால் அவள் கண்ணில் படவே இல்லை. பழைய எழுத்தைப் புதுப்பித்திருந்தால் தும்பிக்கையின் மேலேயே வெட்டியிருப்பார்கள். அழித்துவிட்டு மாற்றி எழுதியிருந்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். எதுவும் இல்லை, வாசகம் புதிதாகவே வெட்டியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இங்கே சறுக்கியது தும்பிக்கை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? கோணலா இருக்கா?" என்றார் சம்பந்தி.

"லையை எப்பவும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது இதுதானே. சர்க்கார் எழுத்தை மாத்தினது நான் வேலைக்குச் சேர்ந்த சமயம். கை பழகிடுச்சு, இனிமே எங்க மாத்தறது?"

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மகளின் முகம் ஒரு முறை வந்து போனது. ஆனால் இந்த மனிதர் முப்பது வருடம், எரிந்து முடிந்த வீடுகளுக்குள் நுழைந்து தீ எங்கே ஆரம்பித்தது என்று தேடினவர். அவரிடம் போய் மறைப்பது அவருக்குச் செய்கிற அவமரியாதையாகப் பட்டது. துப்பாக்கியை அவர் முன்னால் வைத்து, லென்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

"படைத்தலைவனுக்குன்னு இருக்கில்ல, அந்த லையைப் பாருங்க, சம்பந்தி."

பார்த்தார். மூடியில் தான் எழுதியதைப் பார்த்தார். மறுபடி குழலைப் பார்த்தார்.

"யாராவது மேல வெட்டிப் புதுப்பிச்சிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்படித்தான் இருக்கணும்னு ஆசைப்பட்டேன்." துருக்குழியைக் காட்டினாள். எழுத்து அதற்குள் இறங்கி ஏறுவதைக் காட்டினாள். தும்பிக்கை இருந்த தடமே இல்லாததைச் சொன்னாள்.

அவர் முகம் சிவந்தது. "ஊர்ல உங்களுக்கு வேற துப்பாக்கியே கிடைக்கலையா, சம்பந்தியம்மா?" என்றார். லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவித்தாள்.

"எழுத்தை மாத்தினது நான் வேலைக்குச் சேர்ந்த சமயம்" என்று அவர் ஜன்னலைப் பார்த்து மறுபடி சொன்னார், இந்தத் தடவை வேறு குரலில். "அப்பாதான் இதைச் சுத்தம் பண்ணக் குடுத்தார். கொண்டு வந்து, 'துருவை எடுத்ததும் எழுத்து வெளிய வந்துச்சு பாருடா, நம்ம ஆளு யாருன்னு இப்பதான் தெரியுது'ன்னார்."

"அதுக்கு முன்னால துப்பாக்கி எங்க இருந்துச்சு?" கேட்டிருக்கக் கூடாத நேரம். ஆனால் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"பரண்ல. சாக்குல சுத்தி. அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

"தளபதி வீடுங்கற பேரு?"

"அதுக்கு முன்னால எங்க வீட்டுக்குப் பேரே கிடையாது."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நான் சேர்ந்த முதல் மாசம். பஞ்சுக் கிடங்குல தீ. உள்ள போடான்னாங்க. என்னால முடியலை. ஹெல்மெட்டைக் கழட்டி வண்டியிலேயே வச்சுட்டு, கிடைச்ச பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. போய்ப் படுன்னார். அந்த வாரம்தான் துப்பாக்கியைச் சுத்தம் பண்ணிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போனார். எழுத்தைப் பாத்ததுக்கு மறுநாள் நான் திரும்பிப் போயிட்டேன். இப்படிப்பட்ட வம்சத்துல பொறந்துட்டு ஓடி வந்தோமேன்னு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வாசகத்தை வெட்ட வைத்தவனை இத்தனை நாளும் ஒரு பித்தலாட்டக்காரனாகவே நினைத்திருந்தாள். பயந்து ஓடி வந்த ஒரு பிள்ளையைத் தேற்ற, ஒரு தகப்பன் செய்த வேலை அது என்று அவள் எந்த விளக்கை எந்தப் பக்கம் சாய்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"அப்போ இது வெறும் இரும்பு" என்றார் அவர்.

"இல்லை" என்று அவசரமாகச் சொன்னாள். மெழுகுகள் இரண்டையும் எடுத்து வைத்தாள். மாறி விழுந்த 'கோ'வைச் சொன்னாள், அச்சு வெட்டினவனின் மறதியைச் சொன்னாள், ஆற்றில் கிடைத்த துப்பாக்கியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முன்னால் சாய்ந்து லென்ஸை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"நான் தேய்க்கப் பார்த்தேனே, அதுவா அசல்?"

"அதுதான் அசல். இவ்வளவு முழுசா ஊர்ல வேற ஒண்ணு கிடையாது."

"அப்போ நாங்க பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அதை அடிச்சு சொல்ல முடியாது. துப்பாக்கி அந்தப் பக்கம். அது ஒப்படைச்சது இல்லை, அதுவும் தெரியுது. யாரோ அதை எடுத்துட்டு ஓடியிருக்காங்க. ஓடி, பொழைச்சு, மண்ணுல ஒளிச்சு வச்சிருக்காங்க. உங்க வீட்டுப் பரண்லதான் கடைசியில இருந்திருக்கு."

"ஓடாம நின்னிருந்தா?"

"ஆத்துல கிடந்த துப்பாக்கியோட அதை வச்சிருந்தவனும் போயிட்டான்."

சம்பந்தி அந்தத் திரும்பிய 'கோ'வின் மேல் விரலை வைத்தார். "அவன் நின்னிருந்தா எங்கப்பா இல்லை, நான் இல்லை" என்றார். மகனைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

எழுந்தபோது, அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். கோட்டையில் செய்தது, குறி அசல், வாசகம் பிற்காலத்தில் வெட்டியது என்று எழுதுவதாகச் சொன்னாள்.

"எங்கப்பா பேரு?"

"வெட்டினது யாருன்னு துப்பாக்கி சொல்லலையே. நான் எப்படி எழுதறது?"

தலையை ஆட்டினார். அவள் வாசல் வரை கூட நடந்தாள். தான் செய்தது சரியா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. இந்த மனிதர் வீட்டுக்குப் போய் எந்தக் கதவைச் சாத்துவாரோ, மாசக் கடைசிக்குள் மகள் எத்தனை பெட்டி கட்ட வேண்டி வருமோ என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

மாப்பிள்ளை அவர்களைக் கண்டதும் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழக்கமாகச் சம்பந்தி பின்னால் ஏறித் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். புறப்படு என்று அர்த்தம். அன்றைக்கு ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏண்டா" என்றார்.

மாப்பிள்ளை திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

"உன்னைத்தான்டா. பின்வாங்கி வீட்டுக்கு வர்றது நம்ம வீட்டுல புதுசு இல்லையாம். உங்க அத்தை கண்டுபிடிச்சிருக்காங்க." ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நானும் அப்படி ஒரு தடவை வந்திருக்கேன். எங்கப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

மாப்பிள்ளை வண்டியை அணைத்தார்.